மலையேறும் பைக்குள் ஒரு கத்தி

கோடை விடுமுறை வந்தால் இமயமலைப் பாதைகளில் நான்கைந்து நாள் நடந்துவிட்டு வருவது இன்று தென்னகத்துக் குடும்பங்களுக்கும் அறிமுகமான பொழுதுபோக்காகிவிட்டது. உத்தராகண்டின் ஹர் கி தூன், கேதார்கந்தா, மலர்ப் பள்ளத்தாக்கு, மேற்கு வங்கத்தின் சந்தக்பூ, சிக்கிமின் கோச்சா லா என்று பெயர்கள் நம் உறவினர் வீட்டுப் பேச்சிலேயே அடிபடுகின்றன. புறப்படுவதற்கு முன் கையில் கிடைக்கும் பொருள் பட்டியலில் காலணி, மழையுறை, தலைவிளக்கு, கம்பளித் தொப்பி ஆகியவற்றுக்குப் பிறகு, கடைசி வரிகளில் எங்கோ, 'ஒரு கத்தி' என்றும் எழுதியிருக்கும். எத்தகைய கத்தி என்று எழுதியிருப்பதில்லை.

இணையச் சந்தையில் அச்சொல்லைத் தட்டினால் வந்து நிற்பவை பெரும்பாலும் வேட்டைக் கத்திகளே. ஒரு சாண் நீளத்துக்கும் மேற்பட்ட கறுத்த அலகு, முதுகில் ரம்பப் பற்கள், முனைக்கு அருகே ஒரு கொக்கி, குடைவான கைப்பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் நூலும், அதன் மூடியில் ஒரு திசைகாட்டி. இந்த வடிவத்தைப் பரவலாக்கியது 1982-இல் வெளிவந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். கைப்பிடி குடைவாக இருக்க வேண்டுமானால் அலகின் வால்பகுதி பிடிக்குள் ஆழமாக இறங்க முடியாது. ஆகவே மலிவான பிரதிகளில் இரண்டும் சேரும் இடமே முதலில் விட்டுப்போகும். கொக்கி எதற்கு என்றால், விலங்கின் குடல் கிழியாமல் அதன் வயிற்றுத் தோலை மட்டும் திறப்பதற்கு. ஆப்பிளும் வெள்ளரியும் நறுக்கப் போகும் நமக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான வேட்டைக்காரர்கள் இத்தகைய கத்தியை விரும்புவதில்லை. அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், கொலராடோ, மொன்டானா போன்ற மாநிலங்களில், உரிமம் பெற்று எல்க் எனப்படும் பெருமானை வேட்டையாடுவோர் உண்டு. நன்கு வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. சாலையிலிருந்து பல மைல் நடந்து சென்றவர்கள் அதன் இறைச்சியை அங்கேயே பிரித்து, முதுகில் சுமந்து, பலமுறை நடந்துதான் வெளியே கொண்டுவர வேண்டும். திரும்பும்போது ஏறப்போகும் சுமையை அறிந்தவர்கள் ஆதலால், போகும்போது ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்கள் கையாளும் கத்தியின் அலகு பெரும்பாலும் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் மட்டுமே. பிடிக்குள் இருக்கும் எஃகில் துளைகளிட்டு எடையைக் குறைத்திருப்பார்கள். சிலர் அறுவை மருத்துவர் பயன்படுத்துவதைப் போன்ற, தேய்ந்ததும் கழற்றி மாற்றத்தக்க மெல்லிய அலகுகளையே கொண்டு செல்கின்றனர். முனை சற்றே தாழ்ந்து வளைந்த 'டிராப் பாயின்ட்' வடிவத்தைப் புகழ்பெறச் செய்தவர் பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர். முனை தாழ்ந்திருந்தால் அது வேண்டாத இடத்தில் குத்தாது. 300 கிலோ விலங்குக்கே பத்து சென்டிமீட்டர் அலகு போதுமென்றால், கூடாரத்து வாசலில் ஒரு மாதுளையைப் பிளப்பதற்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் எதற்கு?

நம் நாட்டில் வேட்டை ஒரு முடிந்துபோன கதை. குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட்டே பிற்காலத்தில் துப்பாக்கியைவிடப் புகைப்படக் கருவியை நாடினார். 1936-இல் அமைந்த இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1957 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. ஆகவே வேட்டைக்காரரிடமிருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டியது அவருடைய நோக்கத்தை அன்று, அவருடைய சிக்கனத்தை.

எடை என்னும் கணக்கு

கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கீழே உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஹர் கி தூன் பள்ளத்தாக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி அதே அளவில் குறைகிறது. சென்னையில் மாடிப்படி ஏறும்போது உணராத ஒரு கிலோவை அங்கே தோள்பட்டை உணர்ந்துகொள்ளும்.

கூர்க்கர்களின் குக்ரி அரை கிலோவை எட்டும். இடுக்கியோடு கூடிய பல்கருவிக் கத்திகளுள் பெரியவை 240 கிராம் அளவில் உள்ளன. சுவிஸ் நாட்டின் சிவப்புப் பிடி கொண்ட பேனாக்கத்தியின் நடுத்தர வகை 60 கிராம். சாவிக்கொத்தில் தொங்கும் சிறிய வகை 22 கிராமுக்குள் அடங்கும். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டுவரும் ஒபினெல் என்னும் மரப்பிடி மடக்குக் கத்தியில், எட்டரை சென்டிமீட்டர் அலகுடைய எட்டாம் எண் 50 கிராமைத் தாண்டாது. நம் அடுக்களையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பிடி கொண்ட சிறு கத்தி அதைவிடவும் இலகுவானது.

எடையைக் குறைப்பதற்காகப் பல்துலக்கியின் பிடியையே பாதியாக அறுத்துவிட்டு வருகிற ஆர்வலர்களும் இருக்கிறார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. 200 கிராம் என்பது ஒரு பெரிய ஆப்பிளின் எடை. அதனால் யாரும் பாதி வழியில் திரும்பிவிடுவதில்லை. ஆனால் மற்றப் பொருள்களில் எடை குறையக் குறைய விலை ஏறும். இலகுவான கூடாரமும் உறக்கப்பையும் கனமானவற்றைவிடப் பன்மடங்கு விலை. கத்தியில் மட்டும் கணக்குத் தலைகீழ்: எடை குறையும்போது விலையும் பெரும்பாலும் குறைகிறது. செலவும் சுமையும் ஒரே நேரத்தில் குறையும் வாய்ப்பு மலைப் பொருள்களில் அரிது.

எதை வெட்டப் போகிறோம்?

கத்தி வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி இது. வழிகாட்டியும் சமையற்காரரும் உடன்வரும் குழுவில் நடப்பவர்களுக்குச் சமையற்கத்தி அவர்களிடமே இருக்கும். நம் கைக்கு வரும் வேலைகள் சிறியவை. பழம் நறுக்க வேண்டும். உணவுப் பொட்டலங்களைக் கிழிக்க வேண்டும். அறுந்த காலணி நாடாவுக்கு மாற்றாக ஒரு கயிற்றைத் துண்டிக்க வேண்டும். கொப்புளம் கண்ட குதிகாலுக்கு ஒட்டுப் பிளாஸ்திரியை அளவாக வெட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் மலைப்பாதையில் அடிக்கடி வருவது. அதற்குக் கத்தியைவிடக் கத்தரிக்கோல் மேல். ஆகவே குழுவோடு செல்பவர்களுக்குக் கத்தரிக்கோல் இணைந்த மிகச் சிறிய பேனாக்கத்தியே போதும். அதில் இருக்கும் முட்பிடுங்கியும் வீண் போகாது.

தாமே சமைத்துக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் இருவர் மூவராகச் செல்கிறவர்களுக்குச் சற்றுப் பெரிய கத்தி வேண்டும். நெருக்கடி வேளையில் அதற்குப் பிற வேலைகளும் உண்டு: அடிபட்டவரின் உடையைக் காயத்தின் அருகே கிழித்துத் திறப்பது, உடைந்த கைக்குக் கட்டுப்போடப் பாய்விரிப்பை வெட்டுவது, பனியில் இறுகிய வார்ப்பட்டையை அறுப்பது. இவற்றில் எதற்கும் நீண்ட அலகு வேண்டியதில்லை. அலகு கூராக இருக்க வேண்டும்; கைக்கு உடனே எட்ட வேண்டும். பையின் அடியில் உறக்கப்பைக்குக் கீழே கிடக்கும் கத்தி எத்துணை விலை உயர்ந்ததாயினும் இல்லாததற்குச் சமம்.

விறகு வெட்டுவதற்கென்று பெரிய கத்தி வாங்குவோரும் உள்ளனர். கட்வால், குமாவுன் கிராமத்துப் பெண்கள் தராத்தி என்னும் அரிவாளோடு புல்லறுக்கச் செல்வதைப் பாதையோரம் காணலாம். அது அவர்கள் வாழ்க்கை. பாதுகாக்கப்பட்ட காடுகளில் மரம் வெட்டவோ நெருப்பு மூட்டவோ பயணிகளுக்கு உரிமையில்லை. சமைப்பதற்கு எரிவாயு அடுப்பு இருக்கிறது. விறகுக் கத்திக்கு அங்கே வேலை இல்லை.

அலகு, எஃகு, பிடி

அலகு ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் இருந்தால் நிறைவு. நீளத்தைவிடக் கனம் முக்கியம். முதுகுப்புறம் நான்கு மில்லிமீட்டர் தடித்த கத்தி உறுதியாகத் தோன்றும். ஆனால் அது கேரட்டை நறுக்காது, ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும். இரண்டு மில்லிமீட்டர் அலகு இலகுவானது மட்டுமன்று, நன்றாகவும் வெட்டும்.

எஃகில் இரு பெரும் பிரிவுகள். கரிமம் மிகுந்த எஃகு எளிதில் கூர் ஏறும், ஆயின் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், எலுமிச்சையும் தக்காளியும் பட்டால் கறுக்கும். குரோமியம் பதின்மூன்று விழுக்காடு அளவில் கலந்த துருப்பிடிக்காத எஃகு கவலை தராது. கடினத்தன்மையை ராக்வெல் அளவுகோலில் குறிப்பார்கள்: சுவிஸ் பேனாக்கத்திகள் 55, 56 என்ற அளவில் இருக்கும். 60-ஐத் தாண்டும் உயர்வகை எஃகுகள் கூரை நெடுநாள் காக்கும். ஆனால் மழுங்கிவிட்டால் கூடார வாசலில் அமர்ந்து தீட்டுவது எளிதன்று, பக்கவாட்டில் நெம்பினால் ஓரம் உடைந்தும் போகும். நான்கு நாள் நடைக்கு அவ்வளவு கடினம் தேவையே இல்லை. விளம்பரத்தில் அடுக்கப்படும் எஃகுப் பெயர்களுக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது நம் பார்வையில் வீண்செலவு. கரிம எஃகுக் கத்தியே வேண்டுமென்பவர்கள் துடைத்தபின் எண்ணெய் தடவி வைக்கட்டும். நம் ஊர்த் தேங்காயெண்ணெய் அந்தக் குளிரில் குப்பிக்குள்ளேயே உறைந்துவிடும். மலையடிவாரக் கடைகளில் கிடைக்கும் கடுகெண்ணெய் அதற்கு ஏற்றது.

மடக்குக் கத்தியா, உறையிலிட்ட மடங்காத கத்தியா என்பது ஆர்வலர்களிடையே ஓயாத வழக்கு. மடக்குக் கத்தி சட்டைப்பைக்குள் அடங்கும். ஆனால் பூட்டு இல்லாத மடக்குக் கத்தியின் முனையால் எதையேனும் குத்த முற்பட்டால் அலகு திரும்பி விரல்மீதே மடங்கும். கீலுக்குள் மணலும் மாவும் புகுந்துகொள்ளும். விடியற்காலைக் குளிரில் விரல் மரத்திருக்கும்போது நகத்தால் அலகைத் திறப்பது நினைப்பதைவிடக் கடினம். கையுறையோடு திறக்கவே முடியாது. ஒபினெல் கத்தியில் 1955 முதல் பிடியின் கழுத்தில் ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அதைப் போன்ற எளிய பூட்டு உள்ளதாகத் தேர்ந்தெடுப்பது நலம். மடங்காத சிறு கத்திக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, கழுவுவதும் எளிது. அதற்கு இறுக்கமான உறை மட்டும் இன்றியமையாதது. முதுகுப்பைக்குள் உறை நழுவிய கத்தி, முதலில் உறக்கப்பையைக் கிழிக்கும். அடுத்து, தேடித் துழாவும் கையை.

பிடி முழுவதும் உலோகமாக இருப்பதைத் தவிர்க்க வேண்டும். உலோகம் கையின் வெப்பத்தை விரைந்து ஈர்த்துவிடும். மரமோ பிளாஸ்டிக்கோ போதும். நிறம் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். போர்வீரர் கருவிபோல் கறுப்பிலும் பச்சையிலும் செய்யப்பட்டவை புல்லில் விழுந்தால் மறைந்துவிடும். புல்வெளியில் தொலைந்த கத்தியை நாம் கண்டெடுக்காவிட்டால், அங்கே மேயும் ஆட்டின் குளம்பு கண்டெடுக்கும்.

உத்தரப் பிரதேசத்து ராம்பூர்க் கத்தியைப் பற்றியும் ஒரு சொல். விசையால் சட்டெனத் திறக்கும் அக்கத்தி இந்தித் திரைப்படங்களால் நாடறிந்தது; கைவினையாகப் பார்த்தால் அழகானதுதான். ஆனால் விசைக்குள் மண் புகுந்தால் திறக்காது, பைக்குள் எதுவோ அழுந்தினால் தானே திறக்கும். மலைக்கு அது ஆகாது. சட்டத்தின் பார்வையிலும் அதற்கு இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்தியை ஆயுதமாக வகைப்படுத்துகின்றன. குக்ரியையும் கிர்பானையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என வடிவமைக்கப்பட்டவை அதில் சேரா. ஆனால் சில இடங்களில் கட்டுப்பாடு இதைவிடக் கடுமை. டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று, விசையாலோ பொத்தானாலோ திறக்கும் கத்திகளை, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினாலே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இமயமலைப் பயணிகளுள் பலர் டெல்லி வழியாகத்தான் செல்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம்மில் பலர் அறியாதது மற்றொன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், துப்பாக்கி, வில், கண்ணி, நஞ்சு ஆகியவற்றோடு கத்தியும் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது. அளவு எதுவும் அங்கே சொல்லப்படவில்லை. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து வடிவில் முன்கூட்டியே அனுமதி அளித்தாலன்றி, எவரும் எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது அச்சட்டத்தின் 31-ஆம் பிரிவு. தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தும். நாம் விரும்பிச் செல்லும் பாதைகளோ பெரும்பாலும் இத்தகைய இடங்களுக்குள்தான் செல்கின்றன. ஹர் கி தூன் கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கோச்சா லா செல்பவர் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவையும், சந்தக்பூ செல்பவர் சிங்கலீலா தேசியப் பூங்காவையும் கடக்கிறார். மலர்ப் பள்ளத்தாக்கே ஒரு தேசியப் பூங்காதான்.

காய் நறுக்கும் கத்திக்கும் வேட்டைக் கத்திக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் அல்லர் வனத்துறையினர். ஆனாலும் வேறுபாட்டை நம் பொருளே விளக்கிச் சொல்ல வேண்டும். ரம்பப் பற்களும் குடல் கொக்கியும் கொண்ட ஒரு கறுப்புக் கத்தியைக் காட்டுக்குள் எடுத்துச் செல்லும் ஒருவர், தாம் ஆப்பிள் நறுக்க வந்தவர் என்று நிறுவுவது எளிதா? நுழைவு அனுமதி பெறும் சோதனைச் சாவடியிலேயே பேனாக்கத்தி இருப்பதைச் சொல்லிக் கேட்டுவிடுவதே முறை. வேண்டாம் என்றால் அங்கேயோ தங்கும் விடுதியிலோ விட்டுச் செல்லலாம். அப்படி விட்டுச் செல்ல மனம் வருவதற்கும் கத்தி மலிவானதாக இருப்பது உதவும்.

பயண வழியில் வேறு சிக்கல்கள் உண்டு. விமானத்தில் கைப்பையில் கத்திக்கு இடமில்லை. பதிவு செய்து அனுப்பும் பெட்டியில், உறையிட்டுத் துணியால் சுற்றி வைக்க வேண்டும். கைப்பை மட்டும் கொண்டு பறப்பவர்கள் கத்தியை எடுத்துச் செல்லவே வேண்டாம். டேராடூனிலோ மணாலியிலோ சிலிகுரியிலோ இறங்கியபின் பாத்திரக்கடையில் உறையோடு கூடிய ஒரு காய்கறிக் கத்தி வாங்கிக்கொள்ளலாம். சிலிகுரியில் அதன் விலை ஒரு தேநீர் விருந்துக்கும் ஆகாது. தயங்காமல் சொல்வோம்: நம் வாசகர்களுள் பெரும்பாலோருக்கு மிகப் பொருத்தமான மலைக் கத்தி இதுவே. இலகுவானது, மெல்லியது, துருப்பிடிக்காதது, வீட்டுப் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டது, தொலைந்தாலும் வருத்தமில்லாதது. உறை இல்லாவிட்டால் தடித்த அட்டையை இரண்டாக மடித்து ஒட்டுநாடா சுற்றினால் உறை ஆயிற்று.

கூரும் குருதியும்

மழுங்கிய கத்தி ஆபத்தற்றது என்று எண்ணுவோர் பலர். உண்மை நேர்மாறானது. மழுங்கிய அலகு அழுத்தத்தை வேண்டும், அழுத்தும்போது வழுக்கும், வழுக்கினால் எதிரில் இருக்கும் கையில்தான் பாயும். புறப்படுமுன் தெருவில் வரும் சாணைக்காரரிடம் ஒரு முறை தீட்டிக்கொள்வது நல்லது. வழியில் மழுங்கினால், பீங்கான் குவளையைக் கவிழ்த்து வைத்து, அதன் அடிவட்டத்தில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையத்தில் அலகைச் சாய்த்து இருபுறமும் ஐந்தாறு முறை இழுத்தால் கூர் திரும்பும். மலைவழித் தேநீர்க் கடைகளில் அத்தகைய குவளை கிடைக்கும். கண்ணாடிக் குவளை உதவாது.

வெட்டும்போது பொருளைக் கையில் ஏந்தாமல் தட்டில் வைத்து வெட்ட வேண்டும். மடிமீது வைத்து எதையும் அறுக்கவே கூடாது. தொடையின் உட்புறத்தில் பெரிய குருதிக்குழாய் ஓடுகிறது. வீட்டில் கைவிரலில் பட்ட ஒரு வெட்டு அரைமணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்விடும் காயம். ஹர் கி தூன் பாதையில் அதே காயத்தோடு சாங்க்ரி வரை இறங்கவே ஒரு நாளுக்கு மேலாகலாம். அங்கிருந்து டேராடூன் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மலைச்சாலை. வெட்டுப்பட்டால் தூய துணியால் காயத்தின் மீதே பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே திறந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. திறந்தால் உறைந்த குருதி மீண்டும் கலையும். வில்லைத் துணியும் பிளாஸ்திரியும் இருக்கும் முதலுதவிப் பையும் கத்தியும் ஒரே அறையில் இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், அதில் மலையேற்றம் அடங்குமா, எந்த உயரம் வரை அடங்கும் என்பதைப் புறப்படுமுன் படித்துவிடுவது இதே முன்னெச்சரிக்கையின் மறுபாதி. எல்லாக் காப்பீட்டு ஆவணங்களும் அதை முதற்பக்கத்தில் சொல்வதில்லை.

திரும்பும் பயணத்துக்கு ஒரு குறிப்பு. மலையிலிருந்து இறங்கியவர்கள் களைப்பில் பையை அப்படியே தூக்கிக்கொண்டு விமான நிலையம் செல்கிறார்கள். பக்கப்பையில் மறந்துகிடக்கும் பேனாக்கத்தி சோதனைக் கருவியின் திரையில்தான் நினைவுக்கு வருகிறது. தந்தையிடமிருந்து வந்த கத்தியாயினும் அங்கே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கடைசி நாள் இரவு விடுதியில் காலணியைக் கழற்றும்போதே கத்தியைப் பதிவுப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பாத்திரக்கடையில் வாங்கிய காய்கறிக் கத்தியாயின், சமையற்காரரிடம் கொடுத்துவிட்டு வரலாம். அவருடைய கூடையில் அதற்கு எப்போதும் வேலை இருக்கும்.